வட ஒன்ராறியோ கரடி முகாமில் ஆறு நாள்: வழிகாட்டிக்கு முழுப் புள்ளி, குளிர் அறைக்குப் பாதிகூட இல்லை

மே மாதக் கடைசிக் கிழமையில் நானும் என் மச்சானும் கனடாவின் வட ஒன்ராறியோவில் சாப்லோ பக்கம் உள்ள ஒரு கரடி வேட்டை முகாமில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். ஸ்காபரோவில் வெள்ளன வெளிக்கிட்டு, சட்பரி தாண்டி, தெஸலனில் திரும்பி 129 ஆம் இலக்க வீதியில் வடக்கே போக ஏறத்தாழ பத்து மணி நேரம். வந்ததிலிருந்து சொந்தக்காரரும் வேலையிடத்து நண்பர்களும் விசாரித்தபடியே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முகாமின் பெயரைப் போடவில்லை. அங்கே ஒரு பெரிய குறை இருந்தது, அடுத்த பருவத்துக்குள் சரிசெய்துவிடுவதாக உரிமையாளர் நேரில் சொன்னார், அதற்கான அவகாசத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் கேட்பது, கரடியைச் சுட அனுமதி உண்டா என்றுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. இங்கே உள்ளது வேறு இனம், அமெரிக்கக் கருங்கரடி. ஒன்ராறியோவில் மட்டும் ஒரு லட்சத்து ஐயாயிரம் வரை இருக்கலாம் என்று மாகாண அமைச்சு சொல்கிறது. வசந்தகால வேட்டையை 1999 இல் நிறுத்தினார்கள். தாய்க்கரடி சுடப்பட்டால் அந்த வருடத்துக் குட்டிகள் பட்டினியில் சாகும் என்பதுதான் அப்போது எழுந்த பெரிய எதிர்ப்பு. 2014 இல் சில வட பகுதிகளில் மட்டும் சோதனையாகத் திரும்பத் தொடங்கினார்கள், 2016 இல் அதை விரித்து வெளிநாட்டவருக்கும் திறந்தார்கள், 2021 இல் நிரந்தரமாக்கினார்கள். பெரும்பாலான பகுதிகளில் மே 1 முதல் ஜூன் 15 வரை. குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் வசந்தத்தில் சுடக் கூடாது, அது குற்றம். இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் அந்த ஆறு நாளும் ஓடியது, முகாமைப் பற்றிய என் தீர்ப்பும் அதிலிருந்துதான் வருகிறது.

ஒன்ராறியோவில் வசிப்பவர் முகாம் இல்லாமலே வேட்டைக்குப் போகலாம். துவக்கு உரிமம், வேட்டைப் பயிற்சிச் சான்று, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, கரடிக்கான டேக் எனப்படும் அனுமதிச் சீட்டு இவை இருந்தால் போதும். வெளிநாட்டவர்தான் பெரும்பாலும் முகாமொன்றின் மூலம் போக வேண்டும். அப்படியிருக்க ஆளுக்கு 1,900 டொலர் ஏன் கொடுத்தோம் என்றால், இரை வைப்பதற்காக. கரடி ஓரிடத்துக்குப் பழக இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், டிரம்மில் இரை குறையக் குறைய நிரப்ப வேண்டும், பத்து மணி நேரப் பயணத் தூரத்திலிருந்து அதைச் செய்ய முடியாது. அவர்கள் ஓட்ஸும் பேக்கரி மிச்சங்களும் பழைய பொரித்த எண்ணெயும் வைக்கிறார்கள். சாக்லேட் போடுகிறீர்களா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டேன், இல்லை என்றார்கள். இதை எந்த முகாமிலும் கேளுங்கள். 2014 இல் நியூ ஹாம்ஷயரில் இரைக்கு வைத்த சாக்லேட்டைத் தின்று நான்கு கரடிகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன.

அறைக்கும் சாப்பாட்டுக்கும் அதிகம் எழுதத் தேவையில்லை. ஆற்றங்கரையில் மரக் குடில், ஆறு கட்டில், விறகு அடுப்பு, வெந்நீர் ஒழுங்காக வந்தது. பகலில் நாமே சமைக்க வேண்டும், இரவுச் சாப்பாடு மட்டும் அவர்கள் தருவது. வேட்டைக்காகக் காட்டில் உயரத்தில் கட்டிய பரணிலிருந்து திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும், அந்த நேரத்திலும் சூடாக வைத்திருந்தார்கள்.

அந்த இரவுச் சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவர், பென்சில்வேனியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர், டிம்மின்ஸிலிருந்து ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர், அவருடைய பேரன். முதல் இரவு, சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டி ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்தார். விலங்கு வந்தால் தானாகப் படமெடுக்கும் அவருடைய டிரெயில் கேமராக்களில் முந்தைய வருடங்களில் விழுந்த பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரடி. இதைச் சுடுவீர்களா மாட்டீர்களா, எழுதுங்கள் என்றார். நான் ஐந்தில் பிழைவிட்டேன். பென்சில்வேனியாத் தம்பி ஏழில். நான் சுடுவேன் என்று எழுதிய இரண்டு கரடிகளின் அடுத்தடுத்த படங்களைக் காட்டினார், நாற்பது நிமிடம் கழித்து அதே டிரம்மைச் சுற்றிக் குட்டிகள் நின்றன.

பிறகு ஒரு மணி நேரம் கரடியைப் பார்க்கக் கற்றுத்தந்தார். கரடி பெரிதா சிறிதா என்று தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம், அதற்கு இரை டிரம்தான் அளவுகோல். 200 லீட்டர் டிரம் நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 88 சென்டிமீட்டர் உயரம், நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு அதன் மேல் விளிம்புக்கு வந்தால் பெரிய ஆண். காது தலைக்கு மேலே நிமிர்ந்து பெரிதாகத் தெரிந்தால் இளசு. தலை அகன்று, காது சின்னதாகப் பக்கவாட்டுக்குப் போயிருந்தால் வயது கூடியது. ஆண் நேராக வராது, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும், அதனால் காற்று பிழையான பக்கம் வீசும் நாளில் அந்தப் பரணில் யாரும் ஏறக் கூடாது. முக்கியமாக ஒன்று: தாய் தன் குட்டிகளை அருகிலுள்ள பெரிய பைன் மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக இரைக்கு வரும். ஆகவே தனியாக வந்த கரடியெல்லாம் தனிக் கரடி அல்ல. மிகப் பெரிய ஆண் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர, அரை மணி நேரம் துவக்கைத் தூக்காதே, பால்முலை தெரிகிறதா என்று அடிவயிற்றைப் பார், அது திரும்பித் திரும்பி ஒரே மரத்தைப் பார்க்கிறதா என்று பார், சந்தேகம் இருந்தால் விட்டுவிடு. இது அவர் முகாமின் சட்டம். யாராவது தாயைச் சுட்டால் வனவிலங்குக் காப்பு அதிகாரிக்கு அவரே தொலைபேசி எடுப்பார், வேட்டை அன்றோடு முடிந்தது, காசு திரும்பாது. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பரண் இலக்கம் கொடுத்தார்.

நான் இதற்கு முன் மானுக்கு மட்டும் போனவன். இப்படிக் கண்டிப்பான ஒருவர் கையில் கிடைத்தது எனக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நான்காம் நாள் மாலை அது எனக்கே நடந்தது.

பரணில் ஏறும்போது நாலரை மணி. மே கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பதேகால் தாண்டும், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் வரை சட்டப்படி சுடலாம். ஐந்து மணி நேரம் அசையாமல் இருப்பது என்று அர்த்தம். கருவண்டுபோல ஒரு சின்ன ஈ, பிளாக்ஃபிளை என்பார்கள், காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வரவைக்கும். நுளம்பு வேறு. வலைச் சட்டையும் நுளம்பு விரட்டும் தெர்மாசெல் கருவியும் இல்லாமல் போகவே கூடாது, முகாம் அவற்றைத் தராது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஏழே முக்காலுக்கு, சத்தமே இல்லாமல், டிரம்முக்குப் பத்து மீட்டர் தள்ளி ஒரு கரடி நின்றது. வந்ததை நான் பார்க்கவில்லை, இல்லாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இத்தனை பெரிய விலங்கு காய்ந்த சருகின் மேல் எப்படி இப்படி நடக்கிறது என்று இப்போதும் யோசிக்கிறேன். முதுகு டிரம்மின் நடு வளையத்துக்கு மேலே. காது சின்னது. நல்ல மினுக்கமான கறுப்பு. மூன்று நாள் வெறுங்கையோடு இருந்தவனுக்கு நெஞ்சு அடித்தது துணிக்கு மேலே தெரிந்திருக்கும்.

பார்த்தேன், கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். அது ஓட்ஸ் தின்றது, படுத்தது, எழும்பியது. இருபது நிமிடம். பக்கவாட்டாக, முன்காலுக்குப் பின்னால் தெளிவாக இடம் தெரிய, அதைவிட நல்ல வாய்ப்பு வராது என்ற மாதிரி நின்றது. ஒரு தடவை தலையைத் தூக்கி என் இடப்பக்கம் இருந்த பெரிய வெள்ளைப் பைன் மரத்தைப் பார்த்தது. இரண்டாம் தடவையும் அதே மரத்தை. இருபத்தாறாம் நிமிடம் மரத்தின் உச்சியிலிருந்து பட்டை உரசும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குட்டிகள் இறங்கி வந்தன, வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஜனவரியில் குகைக்குள் பிறக்கும்போது அவை அரைக் கிலோகூட இருப்பதில்லை. தாய் உறுமவில்லை, மூக்கால் ஒன்றைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து தின்றது. இருட்டும்வரை அங்கேயே இருந்தன. துவக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முதல் இரவுப் பாடம் இல்லாவிட்டால் நான் பத்தாம் நிமிடத்தில் வெடி வைத்திருப்பேன். இந்த ஒரு காரணத்துக்காகவே 1,900 டொலர் சரி என்று சொல்வேன்.

அன்றிரவு மேசையில் இதைச் சொன்னபோது டிம்மின்ஸ் பெரியவர் தன் கதையைச் சொன்னார். 1999 இல் வேட்டை நிறுத்தப்படுவதற்கு முன்பு அவர் வசந்தத்தில் போனவர், அப்போது பிழையாக ஒரு தாயைச் சுட்டுவிட்டார், இரண்டு நாள் காட்டில் தேடியும் குட்டிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு வருடம் கழித்தும் குரல் உடைந்துதான் சொன்னார். பேரனைக் கூட்டிவந்ததே இந்த வழிகாட்டியிடம் பழகட்டும் என்றுதான் என்றார். அந்தப் பையனுக்கு ஆறு நாளும் சுடும்படியான கரடி வரவில்லை, ஆனால் கடைசி நாள் பரணிலிருந்து இறங்கும்போது அவன் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

எனக்கும் என் அம்மாவின் வன்னிக் கதை ஒன்று நினைவுக்கு வந்து அவர்களுக்குச் சொன்னேன். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் பழம் பொறுக்கப் போகிறவர்கள் பாலை மரத்தடியில் நின்று முதலில் மேலே பார்ப்பார்களாம், கரடி மரத்தில் இருந்து பழம் தின்னும் என்பதால். நம் ஊர்க் கரடி இங்குள்ளதைவிடச் சின்னது, ஆனால் திடீரென்று முட்டுப்பட்டால் ஓடாது, முகத்தைத்தான் தாக்கும். இங்குள்ளது மனித வாடை பட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். பென்சில்வேனியா அண்ணன் இதை விடாமல் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த அண்ணன் சுட்ட கரடிதான் இரவில் தேட வேண்டி வந்தது. மூன்றாம் நாள் இரவு ஒன்பதரைக்கு வெடி, கரடி பாய்ந்து அடர்ந்த ஸ்புரூஸ் புதருக்குள் மறைந்துவிட்டது. அரை நிமிடம் கழித்து நீளமான ஒரு முனகல் கேட்டதாக அவர் சொன்னார், சாகும் நேரத்தில் கரடி சில வேளை அப்படி முனகும். மானைப் போல இரத்தத் தடம் பிடித்துப் போவது கரடியில் கடினம், தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு காயத்தை அடைத்துவிடும், நீளமான மயிர் இரத்தத்தை உறிஞ்சிவிடும். இன்னொரு சிக்கல் சட்டம்: சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு துவக்கில் தோட்டா இருக்கக் கூடாது, உறைக்குள் இருக்க வேண்டும். அதாவது காயம்பட்டிருக்கக்கூடிய கரடியை வெறும் விளக்கோடும் கரடி ஸ்பிரேயோடும் தேட வேண்டும். காலைவரை விட்டால் அந்த வெப்பத்தில் இறைச்சி பழுதாகிவிடும். வழிகாட்டி ஒரு மணி நேரம் காத்திருந்து, முனகலைப் பற்றி மூன்று தடவை கேட்டு உறுதிசெய்து, நாலு பேரை வரிசையாக நிறுத்தி, யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று சொல்லிப் போனார். அறுபது அடி வைப்பதற்குள் செத்துக் கிடந்தது. நானும் அந்த வரிசையில் இருந்தேன். அவர் ஒரு தடவையாவது அவசரப்பட்டதை நான் காணவில்லை.

இனி அந்தக் குறை. ஐந்தாம் நாள் மச்சானுக்கு ஒரு ஆண் கரடி கிடைத்தது, உள்பாகம் எடுத்த பிறகு 88 கிலோ. இரவு பதினொன்றுக்கு முகாமுக்குக் கொண்டுவந்தோம். விளம்பரத்தில் குளிர் அறை உண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே 11 பாகை செல்சியஸ். இறைச்சிக்கு 4 பாகைக்குக் கீழே வேண்டும், அதிலும் கரடிக்குத் தடித்த மயிரும் கொழுப்பும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், தோலை உரித்துத் துண்டாக்காமல் தொங்கவிட்டால் எலும்பைச் சுற்றி அழுகத் தொடங்கிவிடும். பகலில் வெளியே 24 பாகை. இயந்திரம் இரண்டு கிழமையாகவே சரியில்லை என்று அப்போதுதான் சொன்னார்கள். முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் பெரிய ஐஸ் பெட்டிகளோடு போயிருப்போம். இரவு இரண்டு மணிவரை நின்று உரித்துத் துண்டாக்கி, எங்களிடம் இருந்த ஐஸில் போட்டுவிட்டு, விடிந்ததும் ஐம்பது நிமிடம் ஓடி எட்டுப் பை ஐஸ் வாங்கி வந்து காப்பாற்றினோம். தின்னக்கூடிய இறைச்சியைப் பழுதாக விடுவது இங்கே சட்டப்படியும் பிழை, எனக்கோ அதைவிட, ஒரு உயிரைக் கொன்றுவிட்டு அதன் இறைச்சியைக் குப்பையில் போடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார், ஐஸ் காசையும் திருப்பித் தந்தார். ஆனாலும் கரடி முகாமில் குளிர் அறை என்பது கட்டிலைவிட முக்கியம், இதற்கு நான் சமாதானம் ஆகவில்லை.

இன்னொன்று, பரணில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டி. எனக்கு முதலில் தந்ததில் தையல் பிரிந்திருந்தது. காட்டியவுடனே புதியது தந்தார்கள், என்றாலும் காட்டும்வரை யாரும் பார்த்திருக்கவில்லை. பதினாறு அடி உயரப் பரண் அது. உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

சமையலைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வசந்தக் கரடி புல்லும் தளிரும் தின்று வருவது, இறைச்சியில் வாடை இல்லை, மாட்டுக்கும் பன்றிக்கும் இடைப்பட்ட ருசி. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள், கரடி இறைச்சியில் திரிகினெல்லா என்ற புழு இருக்கலாம், வட பகுதி இனம் ஃப்ரீசரில் சாகாது. 2022 மே மாதம் சஸ்காச்சுவானின் வடக்கே சுட்ட ஒரு கருங்கரடியின் இறைச்சியை 45 நாள் உறைய வைத்து, பிறகு தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கபாப் செய்து அரைவேக்காட்டில் சாப்பிட்டு ஆறு பேருக்கு நோய் வந்தது, அதில் இரண்டு பேர் இறைச்சியே தொடாமல் அதோடு சேர்த்துச் சமைத்த மரக்கறியை மட்டும் தின்றவர்கள். உள்ளே 74 பாகை வரவேண்டும், வெப்பமானி வைத்துப் பாருங்கள். நம் சமையலில் இது பிரச்சினையே இல்லை. கொழுப்பை முழுக்க நீக்கி, கறித்தூள், இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலையோடு இரண்டரை மணி நேரம் மெல்லிய நெருப்பில் விட்டுக் கடைசியில் பிரட்டி எடுத்தோம். மாமி முதலில் தொட மாட்டேன் என்றவர், பாணோடு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். நீக்கிய கொழுப்பை உருக்கி வடித்து வைத்திருக்கிறோம், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பித்தப்பையை மட்டும் யாரும் கேட்காதீர்கள், கரடியிலிருந்து எடுத்த பித்தப்பையை வைத்திருப்பதே இங்கே குற்றம்.

போக நினைப்பவர்கள் கிழமையைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மே முதல் பாதியில் ஈயும் நுளம்பும் குறைவு, தோல் அடர்த்தியாக இருக்கும், இறைச்சிக்கும் குளிர் உதவும், பெரிய ஆண்கள் முதலில் வெளியே வந்திருக்கும், குட்டியுள்ள தாய்கள் பிந்தித்தான் வரும். ஜூன் நெருங்கினால் இணைசேரும் காலம், ஆண்கள் பகலிலும் அலையும், பார்க்கும் வாய்ப்பு கூடும், ஆனால் தோல் மரத்தில் உரசி அங்கங்கே மயிர் போயிருக்கும், வெப்பமும் கடியும் அதிகம். பரணுக்கு நடந்துபோகும்போதும் திரும்பும்போதும் செம்மஞ்சள் உடுப்பும் தொப்பியும் கட்டாயம். டேக் எடுத்தவர் கரடி கிடைக்காவிட்டாலும், போகவே இல்லையென்றாலும், பருவம் முடிந்ததும் அமைச்சுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாப்லோவுக்கு வடகிழக்கே 1925 இல் உருவாக்கிய ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர் விலங்குக் காப்பகம் இருக்கிறது, அதற்குள் வேட்டை இல்லை, வரைபடத்தில் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் மே இரண்டாம் கிழமைக்கு அதே வழிகாட்டியிடம் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறோம். முன்பணம் இன்னும் கட்டவில்லை. ஏப்ரலில் தொலைபேசி எடுத்து, குளிர் அறைக்குள் வெப்பமானி வைத்துப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பேன். 4 பாகைக்குக் கீழே காட்டினால் காசும் கட்டுவேன், முகாமின் பெயரையும் இங்கேயே எழுதுவேன்.